டிசம்பர்ல பாரிஸ் போகலாமா? ஊரைப் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வருஷக் கடைசி லீவுக்கு பாரிஸ் போகலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியை பெங்களூருல இருக்கிற ஒருத்தர் கேட்கிறதுக்கும் புதுச்சேரியில இருக்கிற ஒருத்தர் கேட்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. பெங்களூர்க்காரருக்கு பாரிஸ்னா ஈஃபில் டவர். நம்மள்ல நிறைய பேருக்கு பாரிஸ்னா அத்தை, சித்தப்பா, பெரியம்மா. அதனால நான் ரெண்டு பேருக்கும் சேர்த்தே பேசப் போறேன். ஆனா விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்காது. அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

ஒரே வீடு, ரெண்டு பாஸ்போர்ட்

நான் கனகசெட்டிக்குளம். ஈசிஆர்ல சென்னையிலேர்ந்து வந்தா புதுச்சேரி எல்லை ஆரம்பிக்கிற இடம். செக்போஸ்ட் இருக்கும், பார்த்திருப்பீங்க. எங்க ஊர்லேர்ந்து டவுனுக்குப் போகணும்னா நடுவுல தமிழ்நாட்டுக்குள்ள போய் மறுபடி புதுச்சேரிக்குள்ள வரணும். பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துலயே நிலம் இப்படித் துண்டு துண்டாத்தான் இருந்துச்சு.

அந்தக் காலத்தோட இன்னொரு மிச்சம் பாஸ்போர்ட். 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. ஒப்பந்தம் 1956-ல கையெழுத்தாச்சு, ஆனா சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல. அந்த ஒப்பந்தப்படி இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்ந்தவங்க இந்தியக் குடிமக்கள் ஆனாங்க. பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு ஒரு வாய்ப்பு இருந்துச்சு. எழுதிக் கொடுத்தவங்க பிள்ளைகள் இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்காங்க. கொடுக்காதவங்க பிள்ளைகள் நாம.

எங்க வீட்ல தாத்தா கொடுக்கல. அவரோட அண்ணன் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்களை இங்க அப்படித்தானே சொல்வோம்? அவர் பிரெஞ்சாவே இருந்துட்டார். அவரோட பொண்ணு, எனக்கு அத்தை முறை, எழுபதுகள்ல அங்க போனவங்க. இப்ப பாரிஸுக்கு வடக்கே சார்செல் பக்கம் இருக்காங்க. முன்னெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. போன வருஷம் முட்டி ஆபரேஷன். அதுக்கப்புறம் போன்ல சொன்னாங்க, "இனிமே இவ்வளவு தூரம் என்னால உட்கார்ந்து வர முடியாதும்மா. நீதான் வரணும். நோயலுக்கு வா, எல்லாரும் வீட்ல இருப்பாங்க."

என்கிட்ட மூணு வருஷ சேமிப்பு இருக்கு. ஒரு தடவை போய் வந்தா அதுல பெரும்பகுதி காலி. அதனால எந்த மாசம் போறதுங்கிறது எனக்குச் சின்ன விஷயம் இல்ல. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இப்ப உங்ககிட்ட வைக்கிறேன்.

முதல் கணக்கு: வெளிச்சம்

எல்லாரும் குளிரைப் பத்திக் கேட்கிறாங்க. குளிர் பெரிய பிரச்சினை இல்ல. பாரிஸ்ல டிசம்பர்ல பகல்ல 7, 8 டிகிரி, ராத்திரி 3, 4 டிகிரிதான் சராசரி. உள்ளாடையா ஒரு தெர்மல், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல தண்ணி உள்ள போகாத ஒரு கோட், நல்ல ஷூ, அவ்வளவுதான். பனி கொட்டும்னு நினைச்சுப் போகாதீங்க. பாரிஸ் நகரத்துல பனி எப்பவாவதுதான் பெய்யும், பெஞ்சாலும் நிலைக்கிறது குறைவு. நீங்க பார்க்கப் போறது சாம்பல் வானமும் பிசுபிசுன்னு தூறலும்தான்.

யோசிக்க வேண்டியது வெளிச்சத்தைப் பத்தி. டிசம்பர் கடைசியில அங்க காலை 8:45 வாக்கில்தான் சூரியன் உதிக்கும். சாயங்காலம் 5 மணிக்குள்ள இருட்டிடும். மொத்தப் பகல் எட்டேகால் மணி நேரம். நம்ம கடற்கரையில அதே நாள்ல பதினொரு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் இருக்கும். ஜூன்ல பாரிஸ் போனீங்கன்னா பகல் பதினாறு மணி நேரம். அதாவது ஒரே டிக்கெட் காசுக்கு ஜூன்ல கிடைக்கிற பகல்ல பாதிதான் டிசம்பர்ல கிடைக்குது.

நடந்து நடந்து தெரு பார்க்கணும், செயின் நதிக்கரையில உட்காரணும், வெர்சாய் அரண்மனைத் தோட்டம் சுத்தணும், போட்டோ எடுக்கணும்னா டிசம்பர் உங்களுக்கான மாசம் இல்ல. ஏப்ரல், மே, இல்லன்னா செப்டம்பர் கடைசி பாருங்க.

இருட்டுக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்கு. ஷான்செலிசே சாலை மரங்கள் முழுக்க விளக்கு, துய்லெரி தோட்டத்துல கிறிஸ்துமஸ் சந்தை, கலரி லஃபாயெத் கடையோட கண்ணாடிக் கூரைக்குக் கீழ பெரிய கிறிஸ்துமஸ் மரம், இதெல்லாம் அஞ்சு மணிக்கே ஒளிர ஆரம்பிச்சுடும். பார்க்கக் காசு இல்ல. ரெண்டு மூணு சாயங்காலத்துக்கு அது போதும்.

ரெண்டாவது கணக்கு: எது திறந்திருக்கும்?

ஈஃபில் டவர் வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடல். அதோட டிசம்பர் 25, ஜனவரி 1 ரெண்டு நாளும் மூடல். ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடல், டிசம்பர் 25-ம் மூடல். வெர்சாயும் திங்கட்கிழமை மூடல். ஒரு வாரப் பயணம்னு வெச்சு டிசம்பர் 24-லேர்ந்து 31 வரை டிக்கெட் போட்டா, இந்த மூடல்கள்ல பெரும்பாலானது உங்க தலையிலதான் விழும். மிச்ச நாள்ல ஐரோப்பா முழுக்க லீவுல இருக்கிறவங்க எல்லாரும் அதே வரிசையில நிப்பாங்க.

குறுகிய பகலைச் சமாளிக்க ஒரு வழி இருக்கு. லூவ்ர் புதன், வெள்ளி ரெண்டு நாள் ராத்திரி 9 மணி வரை திறந்திருக்கும். வெளிச்சம் இருக்கும்போது தெரு, இருட்டினதும் லூவ்ர்னு வெச்சுக்கோங்க.

விலையிலயும் ஒரு மாற்றம். 2026 ஜனவரியிலேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியேர்ந்து வர்றவங்களுக்கு லூவ்ர் டிக்கெட் 32 யூரோ. உள்ள இருக்கிறவங்களுக்கு 22. நானும் அத்தை பையனும் சேர்ந்து போனா, ஒரே வரிசை, ஒரே ஓவியம், எனக்கு 10 யூரோ அதிகம். 1962-ல போட்ட ஒரு கையெழுத்து இன்னைக்கு டிக்கெட் கவுன்டர்ல வந்து நிக்குது.

காசு கட்டாமப் பார்க்கவும் நிறைய இருக்கு. 2019 ஏப்ரல்ல தீப்பிடிச்ச நோத்ர தாம் பேராலயம் 2024 டிசம்பர்ல மறுபடி திறந்தாச்சு. உள்ள போக இலவசம். மோன்மார்த்ர் குன்று மேல இருக்கிற சாக்ரே கேர் இலவசம். பாரிஸ் வரலாற்றுக்கான கர்னவாலே அருங்காட்சியகம், ஓவியங்களுக்கு பெத்தி பலே, ரெண்டுலயும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

புத்தாண்டு ராத்திரி ஈஃபில் டவர்ல வாணவேடிக்கைன்னு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அங்க வாணவேடிக்கை ஜூலை 14, அவங்க தேசிய நாள்ல. டிசம்பர் 31 கூட்டம் கூடுறது ஷான்செலிசேல. நம்ம பீச் ரோட்ல அன்னைக்கு நடக்கிறதை அஞ்சு டிகிரி குளிர்ல யோசிச்சுக்கோங்க.

மூணாவது கணக்கு: காகிதம்

இந்திய பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா வேணும். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் தனி. யூரோ சுமார் 100 ரூபாய்னு தோராயமா வெச்சுக்கறேன், நீங்க அன்னைக்கு விலை பார்த்துக்கோங்க. விசா மறுத்தா இந்தக் காசு திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமா 15 நாள், சந்தேகம் இருந்தா 45 நாள் வரை இழுக்கலாம். குறைஞ்சது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். டிசம்பர் பயணத்துக்கு அக்டோபர் முதல் வாரமே விண்ணப்பம் போயிடணும்னு நான் வெச்சிருக்கேன்.

சொந்தக்காரங்க வீட்ல தங்கறவங்க இதைக் கவனமாக் கேளுங்க. "அத்தை வீடு இருக்கு"ன்னு வாயால சொன்னா போதாது. அதுக்கு அத்தேஸ்தாசியோன் தக்கேய்னு ஒரு சான்று இருக்கு. தமிழ்ல சொன்னா, "இவர் என் வீட்ல தங்குவார்"னு வீட்டுக்காரங்க கொடுக்கிற உறுதி. அத்தை அவங்க ஊர் மேரிக்கு, அதாவது நகராட்சி ஆபீஸுக்கு, நேர்ல போகணும். வீட்டு ஆதாரம், வருமான ஆதாரம் காட்டணும். 30 யூரோ வரி கட்டணும். வீட்ல இடம் இருக்கான்னு ஆள் வந்து பார்க்கவும் அவங்களுக்கு உரிமை உண்டு. சான்று கையில வர ஒரு மாசம்கூட ஆகலாம். அதுக்கப்புறம் அசல் காகிதம் இங்க வந்து சேரணும், ஜெராக்ஸ் செல்லாது. அதே அசலை பாரிஸ் ஏர்போர்ட்லயும் கேட்கலாம்.

அப்போ வேலையை எங்கேர்ந்து தொடங்கணும்? அத்தைக்கு ஆகஸ்ட்லயே போன் போடணும். அதுவும் ஆகஸ்ட் முதல் வாரம் வேண்டாம், பாதி பிரான்ஸ் அப்ப லீவுல இருக்கும். முட்டி ஆபரேஷன் ஆனவங்களை ரெண்டு தடவை அலைய விடக் கூடாது, இல்லையா? என்னென்ன காகிதம் வேணும்னு அவங்க ஊர் மேரியோட இணையதளத்துல பார்த்து, பட்டியல் போட்டு அத்தை பையனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்.

இந்தச் சான்று இருந்தா ஒரு பெரிய லாபமும் இருக்கு. கையில எவ்வளவு காசு காட்டணும்னு பிரான்ஸ் ஒரு கணக்கு வெச்சிருக்கு. ஹோட்டல் புக்கிங் இருந்தா ஒரு நாளைக்கு 65 யூரோ. புக்கிங் இல்லன்னா 120. வீட்டுச் சான்று இருந்தா 32.50 மட்டும். ரெண்டு வாரத்துக்குப் போட்டுப் பாருங்க. ஹோட்டல்னா 910 யூரோ காட்டணும், அத்தை வீடுன்னா 455. இது காட்ட வேண்டிய காசு மட்டும்தான். ஹோட்டல் வாடகையே இல்லாமப் போறதுதான் நிஜமான மிச்சம். வருஷத்துலயே பாரிஸ்ல அறை வாடகை ஏறி நிக்கிற வாரங்கள்ல கிறிஸ்துமஸ்–புத்தாண்டு வாரமும் ஒண்ணு.

விமானத்துக்கும் அதே கதைதான். டிசம்பர் நடுவுல தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை டிக்கெட் விலை உச்சம். கூடவே நம்ம பக்கத்துல புயல் சீசன். 2015, 2023, 2024, மூணு வருஷமும் மழையாலயோ புயலாலயோ சென்னை ஏர்போர்ட்டை மூட வேண்டி வந்துச்சு. மூணுமே நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் நடுவுல. அதனால டிசம்பர் பாதிக்கு அப்புறம் கிளம்பறது கொஞ்சம் பாதுகாப்பு. நடுவுல வேற ஊர்ல விமானம் மாறணும்னா ரெண்டையும் ஒரே புக்கிங்ல எடுங்க. தனித்தனியா எடுத்து, முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது டிக்கெட் காசு போச்சு.

நாலாவது கணக்கு: யார் வீட்ல இருப்பாங்க?

இதுவரைக்கும் போட்ட மூணு கணக்கையும் கூட்டினா விடை தெளிவு. டிசம்பர் வேண்டாம். வெளிச்சம் பாதி, விலை உச்சம், முக்கியமான நாள்ல மூடல். ஊரைப் பார்க்கப் போறவங்களுக்கு என் பதில் இதுதான். கையில 18-லேர்ந்து 20 நாள் லீவு சேர்த்து ஏப்ரல்ல போங்க. குளிர்காலம்தான் வேணும்னா ஜனவரி ரெண்டாவது வாரம் போங்க. லீவு கூட்டம் கலைஞ்சிருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும். பிரான்ஸ்ல அரசே தேதி குறிச்சு நடத்தற குளிர்காலத் தள்ளுபடி விற்பனையும் ஜனவரியோட முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு புதன்கிழமை ஆரம்பிக்கும். நாலு வாரம் நடக்கும். என் ஃபிரெண்ட் ஒருத்திக்கு அங்க யாரும் இல்ல, "நோயலுக்கு பாரிஸ்"னு ரொம்ப நாள் ஆசை. அவகிட்டயும் இதையேதான் சொன்னேன். அவ ஜனவரிக்கு மாத்திட்டா.

ஆனா நான் ஆளைப் பார்க்கப் போறேன். அங்கதான் கணக்கு மாறுது.

நம்ம தீபாவளி அங்க வேலை நாள். பொங்கல் வேலை நாள். லா ஷாப்பெல்ல இருக்கிற மாணிக்க விநாயகர் கோயில் தேர் பார்த்திருப்பீங்க, தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பாங்க. அது கோடைக் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தபடி அங்க இருக்கிற தமிழ்க் குடும்பம் எல்லாரும் ஒரே நேரத்துல லீவுல இருக்கிறது எப்போ? பள்ளிக்கூடம் ரெண்டு வாரம் மூடற நோயல் சமயத்துலதான். எங்க வீட்ல யாரும் கிறிஸ்தவங்க இல்ல. ஆனா அத்தை வீட்ல வருஷத்துக்கு ஒரு தடவை மூணு பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் ஒரே மேசையில உட்கார்றது டிசம்பர் 24 ராத்திரிதான். லியோன்ல இருக்கிற மூத்த அக்காவும் அப்பதான் வருவாங்க. ஏப்ரல்ல போனா நான் அத்தையை மட்டும் பார்ப்பேன், அதுவும் மத்தவங்க வேலைக்குப் போன காலி வீட்ல.

அப்படிப் பார்த்தா, வேண்டாம்னு வெச்ச காரணங்களே இப்ப வேற மாதிரி இருக்கு. அஞ்சு மணிக்கு இருட்டினா எல்லாரும் வீட்டுக்குள்ள வந்துடுவாங்க. 25-ம் தேதி ஊரே மூடினா எங்கேயும் போக வேண்டாம். பழைய போட்டோ எல்லாம் எடுத்து, இது யாரு, இது எந்த வீடுன்னு அத்தைகிட்ட கேட்கலாம். தாத்தாவும் அவர் அண்ணனும் 1962-ல என்ன பேசிக்கிட்டாங்க, ஏன் ஒருத்தர் எழுதிக் கொடுத்தார், ஒருத்தர் கொடுக்கல, அது எங்க வீட்ல யாருக்கும் சரியாத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் அத்தை. அவங்களுக்கு எழுபது தாண்டியாச்சு.

அதனால முடிவு பண்ணிட்டேன். டிசம்பர் மூணாவது வாரம் கிளம்பி, ஜனவரி முதல் வாரம் திரும்பறேன். ரெண்டு வாரத்துல ஊர் சுத்த நாலு நாள்தான் ஒதுக்கியிருக்கேன். கார்ஜ்–சார்செல் ஸ்டேஷன்லேர்ந்து ஆர்இஆர் டி ரயில் பிடிச்சா நேரா கார் து நோர், அங்கேர்ந்து லா ஷாப்பெல் நடக்கிற தூரம். நோத்ர தாம் ஒரு நாள், கர்னவாலே ஒரு நாள், விளக்கு பார்க்க ரெண்டு சாயங்காலம். லூவ்ர் பட்டியல்ல இல்ல. இருட்டுலயும் கூட்டத்துலயும் அவசரமாப் பார்க்க 32 யூரோ கொடுக்க எனக்கு மனசு வரல.

பெட்டியில என்ன போகலாம்?

இது எல்லாரும் கேட்கிறது. வெளிநாட்டுலேர்ந்து வர்ற பயணி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. அதனால பால்கோவா, நெய், பால் ஸ்வீட் வேண்டாம். முருங்கைக்காய், கறிவேப்பிலை மாதிரி பச்சைக் காய், இலைக்குத் தாவர நலச் சான்று வேணும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் இந்த அஞ்சுக்கு மட்டும் விலக்கு.

மீனுக்கு ஒரு நல்ல சேதி. ஒரு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் மீன் பொருள் அனுமதி உண்டு, கருவாடும் அதுல அடக்கம். எங்க ஊர்க் கருவாடு சட்டப்படியே போகலாம். மூணு அடுக்கு பிளாஸ்டிக் சுத்தி, காத்து புகாத டப்பாவுல போடுங்க. பக்கத்துப் பெட்டிக்காரர் சாபம் நமக்கு வேண்டாம்.

கடைசியா, உங்களுக்கு

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. போய்ட்டு வந்தப்புறம் எதை நினைச்சு சந்தோஷப்படுவீங்கன்னு மூணு விஷயம் எழுதுங்க. மூணுல ரெண்டு இடத்தோட பேரா இருந்தா டிசம்பரை விட்டுடுங்க. மூணுல ரெண்டு ஆளோட பேரா இருந்தா, அந்த ஆள் எப்ப வீட்ல இருப்பாங்கன்னு போன் போட்டுக் கேளுங்க. அவங்க சொல்ற மாசத்துக்கு டிக்கெட் போடுங்க, அது குளிரா இருந்தாலும். அந்தப் போன்லயே அத்தேஸ்தாசியோன் பத்தியும் பேசிடுங்க, தள்ளிப் போடாதீங்க.

உங்க வீட்லயும் 1962 கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நான் திரும்பி வந்ததும், பேரெல்லாம் எடுத்துட்டு, ஒரு எபிசோட் பண்ணலாம். அதுவரைக்கும் மழையில ஜாக்கிரதையா இருங்க.